த பேண்ட்: எந்த லைவ் ஆல்பம் மேல்?

த பேண்ட் என்ற ராக் குழுவின் லைவ் ஆல்பம் என்றதும் பெரும்பாலானோர் வாயில் முதலில் வருவது ‘த லாஸ்ட் வால்ட்ஸ்’தான். அந்தக் கச்சேரியை வைத்து மார்ட்டின் ஸ்கார்சேஸி எடுத்த படம் அதற்கு ஒரு காரணம். மேடைக்கு வந்துபோன பெரிய பெயர்கள் இன்னொரு காரணம். ஆனால் அந்தக் குழுவை ஊறிப்போய்க் கேட்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் பேச்சு 1972-ல் வந்த ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ பக்கம் திரும்பிவிடும். இரண்டிலும் அதே ஐந்து பேர். பல பாட்டுகள் பொது. இரண்டிலும் நியூ ஆர்லியன்ஸ் இசையமைப்பாளர் ஆலன் டூசான்ட்டின் பிராஸ் (ட்ரம்பெட், சாக்ஸ் போன்ற ஊதுகருவிகள்) கைவண்ணம் உண்டு. நடுவில் ஐந்து வருட இடைவெளி, அவ்வளவுதான். ஆனாலும் கேட்டால் ஒரே குழுவா என்று சந்தேகம் வரும்.

என் ஓட்டு ராக் ஆஃப் ஏஜஸுக்கு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். லாஸ்ட் வால்ட்ஸ் ஜெயிக்கிற இடங்களும் இருக்கின்றன, அவற்றை மறைக்கப் போவதில்லை.

குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு கனடாக்காரர்கள், ஒரு அமெரிக்கர். கிதார் ராபி ராபர்ட்சன், பேஸ் ரிக் டாங்கோ, பியானோ ரிச்சர்ட் மானுவல், ஆர்கன் கார்த் ஹட்சன், ட்ரம்ஸ் ஆர்கன்சாஸில் பிறந்த லீவன் ஹெல்ம். ரானி ஹாக்கின்ஸ் என்ற ராக்கபிலி (ஆரம்பகால ராக் அண்ட் ரோல் வகை) பாடகருக்குப் பின்னால் வாசித்து வளர்ந்தவர்கள். 1965, 66-ல் பாப் டிலன் மின் கிதாரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது கூடவே போய், ஃபோக் ரசிகர்களின் கூச்சலை அவரோடு சேர்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். லீவன் பாதியிலேயே வெறுத்துப்போய்க் கிளம்பிவிட்டார், அப்புறம்தான் திரும்பி வந்தார். 1968-ல் முதல் ஆல்பம். சுற்றிலும் எல்லோரும் சைகடெலிக் மயக்கத்தில் இருந்த காலத்தில் இவர்கள் விவசாயி, தோற்ற போர்வீரன், நாடோடிக் கூத்துக்காரன் என்று பாடினார்கள். லீவன், ரிக், ரிச்சர்ட் என மூன்று முன்னணிக் குரல்கள். ஒருவர் வரியை இன்னொருவர் பிடுங்கிக்கொள்வார், மூன்றாமவர் எங்கிருந்தோ சேர்ந்துகொள்வார். லைவ் ஆல்பத்தை எடைபோட என் அளவுகோல் இதுதான்: அந்த மூன்று குரலும் ஒன்றையொன்று எவ்வளவு கேட்டுக்கொண்டு பாடுகின்றன?

இந்த விஷயத்தில் ராக் ஆஃப் ஏஜஸை அடிக்க ஆளில்லை. நியூயார்க்கின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் 1971 டிசம்பர் 28 முதல் 31 வரை நான்கு இரவுகளில் பதிவானது. அந்த வருடம் வந்த ஸ்டுடியோ ஆல்பத்தில் ‘லைஃப் இஸ் எ கார்னிவல்’ பாட்டுக்கு டூசான்ட் பிராஸ் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ருசியில் முழுக் கச்சேரிக்குமே எழுதச் சொல்லி அழைத்தார்கள். அவர் நியூ ஆர்லியன்ஸில் எழுதிய இசைக்குறிப்புகள் இருந்த பெட்டி விமான நிலையத்தில் தொலைந்துபோனது. வுட்ஸ்டாக் அருகே ஒரு சின்ன வீட்டில், பனிக்கால நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். இந்தக் கதையைக் கேட்டபிறகு ஆல்பத்தைப் போட்டால் அவசரத்தின் சுவடு எங்காவது தெரிகிறதா என்று காது தேடும். தெரியவில்லை.

ஐந்து ஊதுகருவிக் கலைஞர்கள். ட்ரம்பெட்டில் ஸ்னூக்கி யங், சாக்ஸில் ஜோ ஃபாரல், ட்யூபாவிலும் பாரிடோன் சாக்ஸிலும் ஹவர்ட் ஜான்சன், இன்னும் இருவர். ஒரு ராக் குழுவோடு பிராஸ் சேர்ந்தால் சாதாரணமாக நடப்பது என்ன? எல்லாரும் ஒரே சமயத்தில் முழங்குவார்கள், பாடகர் தொண்டை கிழியக் கத்துவார். டூசான்ட் அப்படி எழுதவில்லை. குரல்கள் ஓய்கிற இடத்தில் ஒரு சின்ன வாக்கியம், பாட்டின் வளைவில் ஒரு தூக்கல், அவ்வளவுதான். ‘ராக் மாமா ராக்’ கேளுங்கள். லீவன் ட்ரம்ஸை விட்டு மாண்டலினை எடுக்கிறார், ரிச்சர்ட் ட்ரம்ஸில் உட்காருகிறார், கீழே ஜான்சனின் ட்யூபா உருளுகிறது. ரிச்சர்டின் ட்ரம்ஸுக்கு ஒரு தனி ஆட்டம் உண்டு. தடுமாறுகிற மாதிரியே போகும், ஆனால் தடுமாறாது. முறையாகக் கற்ற ட்ரம்மர்களால் அதைப் பாவனை செய்ய முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

‘த அன்ஃபெய்த்ஃபுல் சர்வன்ட்’ இன்னொரு உச்சம். ரிக் டாங்கோவின் குரலில் எப்போதும் ஒரு கெஞ்சல் இருக்கும், அழுதுவிடுவாரோ என்று தோன்றும். அந்தக் கெஞ்சலை பிராஸ் மெதுவாகத் தாங்கிப் பிடிக்கிறது. பாட்டு முடிகிற இடத்தில் ராபர்ட்சனின் கிதார் வருகிறது. அவர் நீளமாக வாசிக்கிறவர் இல்லை. ஸ்வரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பார். இங்கே அந்தக் கிள்ளல் உச்சத்தில் இருக்கிறது.

கார்த் ஹட்சனைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைச் சொல்ல முடியாது. புத்தாண்டு இரவில் அவர் தனியாக ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறார். தேவாலயப் பாட்டு மாதிரி தொடங்கும், நாட்டுப்புற மெட்டு எட்டிப்பார்க்கும், திடீரென்று சர்க்கஸ் கூடாரத்துக்குள் போய்விடும். ஏழு நிமிடத்துக்கு மேல் போகும் இந்த ‘த ஜெனெடிக் மெத்தட்’ நடுவில் மணி பன்னிரண்டு ஆகிறது. ஹட்சன் அலட்டிக்கொள்ளாமல் புத்தாண்டுக்கு வழக்கமாகப் பாடும் ‘ஓல்ட் லாங் சைன்’ மெட்டுக்குள் நுழைகிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, அவர் அப்படியே ‘செஸ்ட் ஃபீவர்’ பாட்டின் தொடக்கத்துக்குப் போய்ச் சேருகிறார். ஒரு லைவ் ஆல்பம் ஏன் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் போட்டுக் காட்டுவது இந்த இடத்தைத்தான். 1978-ல் வந்த லாஸ்ட் வால்ட்ஸ் இசைத்தட்டில் ‘ஜெனெடிக் மெத்தடும்’ இல்லை, ‘செஸ்ட் ஃபீவரும்’ இல்லை. மூன்று தட்டு போட்டும் ஹட்சனுக்கு இடம் ஒதுக்க மனம் வரவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, லாஸ்ட் வால்ட்ஸுக்கு வருவோம். 1976 நவம்பர் 25, நன்றி தெரிவிக்கும் நாள். சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கம். ஏற்பாட்டாளர் பில் கிரஹாம் ஐயாயிரம் பேருக்கு வான்கோழி விருந்து போட்டு, நடனத்துக்கு வாத்தியக் குழு வைத்து, அப்புறம்தான் கச்சேரியைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சுற்றி வாசிப்பதற்கு முழுக்குப் போட ராபர்ட்சன் முடிவு செய்திருந்தார். லீவனுக்கு அதில் துளியும் சம்மதமில்லை என்பதைப் பின்னால் தன் சுயசரிதையில் விலாவாரியாக எழுதினார்.

ஒரு கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை என்ன பாடுபடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். வருகிறவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கும், சாப்பிட்டாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். லாஸ்ட் வால்ட்ஸில் த பேண்ட் அந்த மாப்பிள்ளை. ரானி ஹாக்கின்ஸ், டாக்டர் ஜான், பால் பட்டர்ஃபீல்ட், மடி வாட்டர்ஸ், எரிக் கிளாப்டன், நீல் யங், ஜோனி மிட்செல், நீல் டயமண்ட், வான் மாரிசன், டிலன் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒவ்வொரு பாணியில் பிசகாமல் வாசிக்கிறார்கள். உலகத்தின் சிறந்த பக்கவாத்தியக் குழு இவர்கள்தான் என்று நிரூபிக்க அது போதும். ஆனால் அவர்களையே கேட்க வேண்டும் என்று உட்கார்ந்தவனுக்கு இது பாதிச் சாப்பாடு.

அதிகம் இழந்தவர் ரிச்சர்ட் மானுவல். 1971-ல் ‘கிங் ஹார்வெஸ்ட்’, ‘அக்ராஸ் த கிரேட் டிவைட்’, ‘த ஷேப் ஐ’ம் இன்’ என்று அவர் குரல் ஆல்பம் முழுக்கப் பரவியிருக்கிறது. 1976 மேடைப் பதிவில் அவர் முன்னால் வருவது ‘ஷேப் ஐ’ம் இன்’ பாட்டிலும், வான் மாரிசனோடு சேர்ந்து பாடுகிற ஒரு ஐரிஷ் தாலாட்டிலும்தான். கடைசியில் ‘ஐ ஷல் பி ரிலீஸ்ட்’ வருகிறது. முதல் ஆல்பத்தில் அவருடைய மெல்லிய உச்சக்குரலுக்கென்றே இருந்த பாட்டு அது. இங்கே மேடை நிறைய ஆட்கள், அவர் பாடுவதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. படத்திலும் அவர் முகம் சரியாகத் தெரியாது.

இனி, லாஸ்ட் வால்ட்ஸ் ஜெயிக்கிற இடங்கள்.

முதலாவது ‘இட் மேக்ஸ் நோ டிஃபரன்ஸ்’. 1975 ஆல்பத்தில்தான் இந்தப் பாட்டே வந்தது, ஆகவே ராக் ஆஃப் ஏஜஸில் இருக்க வழியில்லை. ரிக் டாங்கோ உயிரைக் கொடுத்துப் பாடுகிறார். லீவனும் ரிச்சர்டும் ஹார்மனியில் சேர்கிறார்கள். என் அளவுகோல் சொன்னேனே, அதற்கு லாஸ்ட் வால்ட்ஸ் தரும் முழுமையான பதில் இதுதான். ராபர்ட்சனின் கிதார் முடிந்ததும் ஹட்சன் சொப்ரானோ சாக்ஸை எடுக்கிறார், பாட்டு வேறு உயரத்துக்குப் போகிறது. அதே 1975 ஆல்பத்திலிருந்து வந்த ‘ஒஃபீலியா’வும் இங்கே பிராஸோடு துள்ளுகிறது. ஸ்டுடியோ பதிவை அப்புறம் கேட்டால் சப்பென்று இருக்கும்.

இரண்டாவது ‘த நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்’. இரண்டிலும் இருக்கும் பாட்டு, நேரடியாக ஒப்பிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் எல்லாவற்றையும் இழந்த ஒரு தெற்கத்தி ஏழை வெள்ளையனின் குரலில் சொல்லப்படுவது. தோற்ற தரப்பு அடிமை முறைக்காகப் போரிட்ட தரப்பு என்பதால் இந்தப் பாட்டைச் சிலர் இன்று தயக்கத்தோடுதான் கேட்கிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. 1971-ல் லீவன் கதையைச் சொல்கிறார். 1976-ல் பிராஸ் முன்னுரை முடிந்து அவர் வாயைத் திறக்கும்போது அந்த மனிதனாகவே ஆகிவிடுகிறார். ட்ரம்ஸ் அடித்துக்கொண்டே இப்படி ஒருவர் பாட முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம். இதற்குப் பிறகு அவர் அந்தப் பாட்டை மேடையில் பாடவில்லை என்று சொல்வார்கள்.

மூன்றாவது, விருந்தாளிகளில் இருவர். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் ‘மானிஷ் பாய்’க்குப் பின்னால் பட்டர்ஃபீல்ட் ஹார்மோனிகாவில் ஒரே ஸ்வரத்தை மூச்சு விடாமல் இழுத்துப் பிடித்திருப்பார், பாட்டு அந்தக் கயிற்றின் மேல் நடக்கும். நேரம் போதவில்லை என்று மடியை நிகழ்ச்சியிலிருந்து நீக்கவே பேச்சு நடந்ததாகவும், தான் சண்டை போட்டுத் தடுத்ததாகவும் லீவன் எழுதியிருக்கிறார். அடுத்தவர் ‘கேரவன்’ பாடும் வான் மாரிசன். பிராஸோடு மல்லுக்கு நின்று, காலை உதைத்து உதைத்துப் பாடுவார். காதால் கேட்டாலே அந்த உதை தெரியும்.

இவற்றைத் தவிர்த்தால் ஆல்பம் தொய்கிறது. நீல் டயமண்ட் பாட்டு ஏன் இருக்கிறது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருடம் அவருடைய ஆல்பத்தை ராபர்ட்சன் தயாரித்திருந்தார், அதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆறாவது பக்கம் முழுக்க ஸ்டுடியோவில் செய்தது. அதில் காஸ்பல் எனும் தேவாலயப் பாட்டில் வளர்ந்த குடும்பக் குழுவான ஸ்டேப்பிள் சிங்கர்ஸோடு ‘த வெயிட்’, எமிலூ ஹாரிஸோடு ‘எவாஞ்சலீன்’ இரண்டும் அழகானவை. ஸ்டேப்பிள் குடும்பத்தின் குரல்கள் சேர்ந்ததும் ‘த வெயிட்’ அது பிறந்த தேவாலயத்துக்கே திரும்பிப் போனதுபோல ஆகிவிடுகிறது. ஆனால் லைவ் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க ஸ்டுடியோ என்பது கொஞ்சம் ஏமாற்றுதான். அதோடு, மேடைப் பதிவிலேயே குரல்களையும் வாத்தியங்களையும் பின்னால் ஸ்டுடியோவில் திருத்தி ஒட்டியது வேறு. நான் இதைப் பாவம் என்று நினைக்கவில்லை, அந்தக் காலத்து லைவ் ஆல்பங்களில் அது சகஜம். என்றாலும் காதில் ஒரு மெருகு உறுத்துகிறது. 1971 பதிவில் குரல் பிசிறுகிற இடத்தில் பிசிறியே இருக்கிறது.

டிலன் விஷயத்திலும் இரண்டுக்கும் ஒரு வேடிக்கையான வித்தியாசம். 1971 புத்தாண்டு இரவில் அவர் முன்னறிவிப்பு இல்லாமல் மேடையேறி நான்கு பாட்டு பாடிவிட்டுப் போனார். அவற்றை ஆல்பத்தில் போட்டிருந்தால் விற்பனை எங்கேயோ போயிருக்கும். போடவில்லை, 2001 மறுபதிப்பில்தான் வெளிவந்தன. 1976-ல் தன்னைப் படம் பிடிக்க அவர் விடுவாரா மாட்டாரா என்று கடைசி நிமிடம் வரை இழுபறி. முதலாவதில் நண்பன் வீட்டுக்கு வந்த டிலன், இரண்டாவதில் ஒப்பந்தம் பேசிவிட்டு வந்த டிலன். வாசிப்பில் இருக்கும் சூடு என்னவோ இரண்டிலும் ஒன்றுதான், அதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு தற்செயல். ராக் ஆஃப் ஏஜஸ் தொடங்கும் பாட்டு ‘டோன்ட் டூ இட்’, மோடவுன் என்ற சோல் இசை நிறுவனத்துக்காக மார்வின் கே பாடிய பழைய பாட்டு. பேஸும் ட்ரம்ஸும் முதல் சில நொடியிலேயே ஆளைப் பிடித்து உலுக்கும். 1976-ல் வின்டர்லேண்டில் கடைசியாக வாசித்ததும் இதே பாட்டுதான். ஸ்கார்சேஸி அதைப் படத்தின் தொடக்கத்தில் வைத்தார், இசைத்தட்டிலோ விட்டுவிட்டார்கள், 2002 மறுபதிப்பில் சேர்ந்தது. இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் இந்த அலசலே தேவைப்படாது. முதலாவதில் வாசிக்க வந்தவர்கள். இரண்டாவதில் இரவு முழுக்க மற்றவர்களுக்கு வாசித்துக் களைத்தவர்கள், ஆனாலும் ஒரு தடவை கெத்தைக் காட்டிவிட்டே போகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: லாஸ்ட் வால்ட்ஸைப் படமாகப் பாருங்கள், அது படமாகத்தான் முழுசு. கேட்பதற்கு ராக் ஆஃப் ஏஜஸ். 2013-ல் அகாடமி கச்சேரிகளை விரிவாகப் பெட்டித் தொகுப்பாக வெளியிட்டார்கள். அதில் முதல் இரண்டு தட்டுகள் நான்கு இரவுகளிலிருந்து பொறுக்கி எடுத்து, புது மிக்ஸில் தெளிவாக்கியவை. மூன்றாவதும் நான்காவதும் புத்தாண்டு இரவை சவுண்ட்போர்டு (அரங்கின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேராக எடுத்த) பதிவாக, மெருகு பூசாமல், டிலன் பாட்டுகள் வரை வரிசை மாறாமல் தருபவை. நேரம் குறைவாக இருந்தால் முதல் இரண்டைத் தாண்டிவிட்டு மூன்றாவது தட்டிலிருந்து போடுங்கள்.