பழைய கியூஎஸ்எல் அட்டை வாங்குபவர்கள் கவனத்துக்கு: பின்பக்கம் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

பழைய ஹாம் ரேடியோ அட்டைகள் விற்கிறேன் என்று சொல்லி ஒருவர் நம் ஆட்களிடம் போலிகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். என்னிடம் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கிவிட்டார். பணம் திரும்பி வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. அடுத்த ஆள் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். ஊரும் பெயரும் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது, தவிர அவர் பெயரையும் எண்ணையும் அடிக்கடி மாற்றுகிறார். அவர் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுவிடலாம்.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹாம் என்றால் உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர். இரண்டு ஹாம்கள் வானலையில் பேசிக்கொண்டால், "ஆமாம், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன அலைவரிசையில் உங்களைக் கேட்டேன்" என்று ஒருவருக்கொருவர் அஞ்சலட்டை அனுப்பிக்கொள்வார்கள். அதுதான் கியூஎஸ்எல் அட்டை. முன்பக்கம் பெரிய எழுத்தில் கால்சைன், அதாவது அந்த ஹாமின் வானலை அடையாளக் குறி, இருக்கும். அதன் தொடக்க எழுத்துகள் நாட்டைக் காட்டும். பேசிய விவரம் சிலவற்றில் அங்கேயே இருக்கும், சிலவற்றில் பின்பக்கம் கையால் எழுதியிருக்கும். நான் சேர்ப்பது இலங்கையின் விஎஸ்7, இந்தியாவின் வியு2 அட்டைகள், அதிலும் 1930களைச் சேர்ந்தவை. அவற்றோடு பேசிய அயல்நாட்டு அட்டைகள் கிடைத்தாலும் விடுவதில்லை. அந்தக் காலத்தில் கொழும்பிலோ சென்னையிலோ ஒருவர் தானே கட்டிய டிரான்ஸ்மிட்டரில் மோர்ஸ் சாவியைத் தட்டி இங்கிலாந்தைப் பிடித்தார் என்பதற்குப் பல நேரம் அந்த அட்டை ஒன்றுதான் சாட்சி. லாக் புத்தகம் கரையான் தின்றிருக்கும், ரேடியோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

விற்றவர் சொன்ன கதை இது. அவருடைய பெரியப்பா ஹாமாக இருந்து சைலன்ட் கீ ஆகிவிட்டார், பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது, வீட்டில் யாருக்கும் அருமை தெரியவில்லை, தெரிந்தவர் கைக்குப் போனால் நல்லது. "அண்ணா, எடைக்குப் போட மனசு வரலை" என்றார். இறந்துபோன ஹாமை நாம் சைலன்ட் கீ என்போம், அந்தச் சொல் வெளியாட்களுக்குத் தெரியாது. அது அவர் வாயிலிருந்து வந்ததும் நம் வட்டத்து ஆள் என்றே எடுத்துக்கொண்டேன். படங்களும் நன்றாக இருந்தன. ஒரு விஎஸ்7, ஒரு கலிஃபோர்னியா அட்டை, போர்க்காலத்து அட்டை என்று சொன்ன ஒரு பிரிட்டிஷ் அட்டை, கூடவே சாதாரண அட்டைகள் ஒரு கட்டு. எல்லாம் கால்சைன் இருக்கும் பக்கம் மட்டும். பின்பக்கம் கேட்டபோது, "ஊருக்குப் போயிருக்கேன் அண்ணா, பெட்டி வீட்டில இருக்கு, இன்னொருத்தர் முழுசா எடுத்துக்கறேன்னு சொல்றார், நீங்க முடிவு சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினார். யுபிஐயில் பணம் போனது. பார்சல் சொன்னபடி வந்தது.

முதலில் விஎஸ்7 அட்டையைச் சொல்கிறேன், விலையில் பாதிக்கு மேல் அதற்காகத்தான் கொடுத்தேன். கையில் எடுத்ததுமே உறுத்தியது. அந்தக் காலத்து அட்டைகள் பெரும்பாலும் ஈய எழுத்துக் கோத்து அழுத்தி அடித்தவை. விரலால் பின்பக்கம் தடவினால் எழுத்தின் அழுத்தம் லேசாகத் தெரியும். இது வழவழவென்று இருந்தது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் வைத்துப் பார்த்தேன். சிவப்பு எழுத்து சிவப்பு மையாக இருக்க வேண்டும். இங்கே மஞ்சளும் மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்புமாகப் புள்ளிகள். கையெழுத்தும் அதே புள்ளிகளால் ஆனது. அதாவது பேனா அந்த அட்டையைத் தொடவே இல்லை. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினேன், நீல வெள்ளையாகப் பளிச்சென்று மின்னியது. காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ரசாயனம் காகித ஆலைகளில் புழக்கத்துக்கு வந்தது 1950 வாக்கில்தான். 1937 என்று தேதி போட்ட அட்டை ஊதா விளக்கில் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். அப்புறம் இணையத்தில் தேடியபோது அசல் கிடைத்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் தன் சேகரிப்பை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கட்டும் என்று போட்டிருக்கிறார், அதில் இருந்தது. இடது கீழ் மூலையில் மடிப்பு, கால்சைனுக்கு மேலே அரைவட்டக் கறை, எல்லாம் அச்சு அசல். ஒருவர் பெருந்தன்மையாகப் பகிர்ந்ததை எடுத்து அச்சடித்து விற்றிருக்கிறார் இந்த ஆள்.

கலிஃபோர்னியா அட்டை வேறு ரகம். காகிதம் பழையதுதான், அச்சும் உண்மைதான். தேதி 1926 என்றிருந்தது. ஆனால் கால்சைன் டபிள்யூ6 என்று தொடங்குகிறது. அமெரிக்க ஹாம்களுக்கு டபிள்யூ என்ற முன்னொட்டு வந்ததே 1928 அக்டோபர் 1 முதல். அதற்கு முன் உரிமத்தில் வெறும் எண்ணும் எழுத்துகளும்தான். அமெரிக்க ஹாம் சங்கத்தை நிறுவிய ஹிராம் பெர்சி மாக்சிம் அப்போது 1ஏடபிள்யூதான், டபிள்யூ1ஏடபிள்யூ என்பது பின்னால் வந்தது. இடைப்பட்ட 1927, 28இல் வெளிநாட்டோடு பேசும்போது முன்னால் என்யூ சேர்த்துக்கொண்டார்கள். சரி, தேதியை விடுங்கள், சிக்னல் அறிக்கையைப் பார்த்தால் ஆர்எஸ்டி 579 என்று இருக்கிறது. சிக்னலின் தெளிவு, வலிமை, தொனி மூன்றையும் எண்ணால் குறிக்கும் இந்த ஆர்எஸ்டி முறை பிறந்தது 1934இல். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடிப்பதுபோல அட்டைக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். 2 என்ற எண் இருக்கும் இடத்தில் காகிதம் சுரண்டப்பட்டு நார் எழும்பியிருந்தது. 1936ஐ 1926 ஆக்கியிருக்கிறார். 1930களின் அமெரிக்க அட்டைகள் ஏராளமாகக் கிடைப்பதால் மலிவு, 1920களின் அட்டைக்கு விலை அதிகம். ஒரே ஒரு எண்ணைச் சுரண்டினால் அந்த வித்தியாசம் மொத்தமும் அவர் பைக்கு.

மூன்றாவது அட்டைதான் என்னை மிகவும் வருத்தியது. இங்கிலாந்தின் ஜி அட்டை, ஒரு வியு2 ஹாமுக்கு எழுதியது, தேதி 1943. "உலகப்போர் நடுவுல பேசினது அண்ணா, இதெல்லாம் மியூசியம் பீஸ்" என்றிருந்தார். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிரிட்டனில் ஹாம்களின் உரிமத்தை நிறுத்தி டிரான்ஸ்மிட்டர்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்ப அனுமதி கிடைத்தது 1946இல். இந்தியாவிலும் அதே கதைதான். அமெரிக்கா போரில் இறங்கியபோது, 1941 டிசம்பரில், அங்கேயும் மூடினார்கள். ஆக 1943இல் அனுப்பியதாகச் சொல்லும் ஹாமும் பேசியிருக்க முடியாது, பெற்றதாகச் சொல்லும் ஹாமும் பேசியிருக்க முடியாது. எழுதியிருப்பதோ பால்பாயின்ட் பேனாவால். அந்தப் பேனா அமெரிக்கக் கடைகளிலேயே விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். ஆனால் அட்டை உண்மையானது. போருக்கு முன் யாரோ ஆசையாக அச்சடித்து, மிஞ்சிப்போன வெற்று அட்டை. ஊதா விளக்கில் தேறும், லூப்பில் தேறும், தடவிப் பார்த்தாலும் தேறும். அந்த மனிதர் பேசாத பேச்சை அவர் அட்டையில் எழுதி, அவர் கையெழுத்தையும் போட்டுவிட்டார்கள். இறந்தவர் பெயரில் பொய்ச்சாட்சி சொல்வது இது. நாளைக்கு யாராவது இதை ஸ்கேன் செய்து பதிவேற்றினால், போர்க்காலத்தில் இந்தியாவில் திருட்டுத்தனமாக ஒரு ஹாம் இயங்கினார் என்று கட்டுரைகூட வரும்.

மற்ற சாதாரண அட்டைகள் அசல்தான். ஆனால் அஞ்சலில் வந்தவற்றில் எல்லாம் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்திருக்கிறார். மை கலைந்து ஓடியிருக்கிறது, தலையோடு சேர்ந்து பாதி முத்திரையும் போய்விட்டது. தபால்தலையைத் தனியாக விற்றிருப்பார். தபால் முத்திரையின் தேதியும் ஊரும்தான் அட்டையில் எழுதியிருப்பதைச் சரிபார்க்க நமக்கு இருக்கும் முக்கியமான வெளி ஆதாரம். பீரோ வழியாக, அதாவது ஹாம் சங்கங்கள் அட்டைகளைச் சேர்த்து அனுப்பும் மையம் வழியாக, கட்டாக வந்த அட்டைகளில் தபால்தலை இருக்காது, அது இயல்பு. உரித்த தடம் வேறு, இல்லாதது வேறு. படத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, இந்த விஎஸ்7 பிரின்ட் எடுத்தது, உங்க பெரியப்பா பெட்டியிலிருந்து எப்படி வந்தது?" என்றேன். முதலில் பழைய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை என்றார். பிறகு, அசலை நான் வைத்துக்கொண்டு போலியைக் காட்டுவதாகச் சொன்னார். பெரியப்பாவின் கால்சைன் என்ன என்று கேட்டேன், பதில் இல்லை. ஹாம் வீட்டில் வளர்ந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது; ஒரே வீட்டில் வந்த அட்டைகள் என்றால் எல்லா அட்டையிலும் பெறுநர் கால்சைன் பெரும்பாலும் ஒன்றாகத்தானே இருக்கும்? என் கட்டில் பெறுநர்கள் பல நாட்டவர். அன்று மாலையே என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்று கைவிரித்தார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930இலும் நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிந்திருக்கிறேன். பதிவு எண் வந்திருக்கிறது, அதற்கு மேல் நகரவில்லை. இதை எழுதத் தூண்டியது அதுவும் இல்லை. சில வாரம் கழித்து அதே விஎஸ்7 அட்டை, அதே மடிப்பு, அதே கறையோடு, வேறு பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்த முறை பெறுநர் கால்சைனை மட்டும் கணினியில் மாற்றியிருந்தார். கதையில் பெரியப்பா போய் மாமனார் வந்திருந்தார்.

இனி வாங்குபவர்கள் தயவுசெய்து இரண்டு பக்கமும் கேளுங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு படம், எழுதிய மையை நெருக்கத்தில் ஒரு படம். இதைத் தர இரண்டு நிமிடம் ஆகாது, தர மறுப்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். இன்னும் நல்லது, வீடியோ அழைப்பில் அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்வது. கால்சைனைப் பழைய கால்புக்கில், அதாவது ஹாம்களின் கால்சைன், முகவரிப் பட்டியல் புத்தகத்தில், தேடுங்கள். 1930களின் கால்புக்குகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக இருக்கின்றன, வெளிநாட்டுப் பட்டியலும் அவற்றில் உண்டு. அட்டையில் இருக்கும் முகவரியும் புத்தகத்து முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காலக்கணக்கும் உதவும். இலங்கையின் 4எஸ்7 முன்னொட்டு போருக்குப் பிறகு வந்தது, 1930களின் தேதியோடு அது வந்தால் யோசிக்கவே வேண்டாம். அச்சிட்ட முகவரியில் பின்கோடு இருந்தால் அந்த அட்டை 1972 ஆகஸ்டுக்கு முந்தையது இல்லை. அமெரிக்க முகவரியில் ஐந்திலக்க ஜிப் எண் இருந்தால் 1963 ஜூலைக்கு முந்தையது இல்லை. பழைய ஆங்கில அட்டைகளில் அலைவரிசையைப் பெரும்பாலும் மெகாசைக்கிள் போன்ற சைக்கிள் கணக்கில்தான் குறித்திருப்பார்கள். 1930களின் அப்படிப்பட்ட அட்டையில் மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பழையதுதான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பரில் அந்தமானில் வியு4ஆர்பிஐ என்ற கால்சைனில் ஒரு ஹாம் குழு இயங்கிக்கொண்டிருந்தபோது சுனாமி வந்தது, உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு அந்தக் குழு பேரிடர்த் தகவல் தொடர்புக்கு இறங்கியது. அந்த அட்டைக்கு இன்றே மதிப்பு உண்டு, நாளைக்கு இன்னும் கூடும். அப்படிப்பட்ட அட்டைகளில் எழுதாத வெற்று அட்டை ஏதாவது இந்த மாதிரி ஆள் கையில் சிக்கினால் என்ன செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு ஹாம் இறந்து, அட்டைப்பெட்டி பரணில் கிடக்கிறது என்றால், மொத்தமாகக் கேட்டு வருபவரிடம் அவசரமாகக் கொடுத்துவிடாதீர்கள். முக்கியமாக வெற்று அட்டைகளைக் கொடுக்கவே வேண்டாம், குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். உள்ளூர் ஹாம் சங்கத்தில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். வியன்னாவில் உள்ள வானொலி ஆவணக்காப்பகம் உலகம் முழுவதிலிருந்தும் கியூஎஸ்எல் சேகரிப்புகளைப் பெற்றுப் பாதுகாக்கிறது, அங்கே கொடுப்பதும் ஒரு வழி.

என்னிடம் இருக்கும் மூன்று அட்டைகளின் பின்னாலும் அழியாத மையில் "போலி" என்று எழுதி, என்ன போலி என்ற குறிப்போடு தனி உறையில் வைத்திருக்கிறேன். சேகரிப்பவர்கள் யாராவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் படம் அனுப்புகிறேன். இடது கீழ் மூலையில் மடிப்பும், கால்சைனுக்கு மேலே அரைவட்டக் கறையும் உள்ள விஎஸ்7 அட்டை, தேதி 1937, யாரிடமிருந்து வந்தாலும் பணம் அனுப்பாதீர்கள். விற்பவரின் எண்ணைக் குறித்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், புகாரில் சேர்த்துவிடுகிறேன்.