பாழ்நிலத்தின் வாசனை எந்தப் படத்தில் அடிக்கிறது?

அணுகுண்டுப் போரில் அழிந்த பாழ்நிலத்தில் நடக்கும் ஃபால்அவுட் வீடியோ விளையாட்டை முடித்த கையோடு ஒரு பசி வரும். அந்த உலகத்துக்குள் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும், ஆனால் கன்ட்ரோலரைத் தொடக் கூடாது. எந்தப் படம் பார்க்கலாம் என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று வரும் பதில், மேட் மேக்ஸ். தப்பில்லை, ஆனால் அவசரப் பதில்.

1997-ல் வந்த முதல் ஃபால்அவுட்டின் தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு பழைய டிவிப் பெட்டியில் விளம்பரங்கள் ஓடுகின்றன. நடுவே செய்தித் துண்டு: கை கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கும் ஒருவனைச் சிப்பாய் சுட்டுத் தள்ளிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி கையசைக்கிறான். பின்னணியில் இங்க் ஸ்பாட்ஸ் குழுவின் தேன் வழியும் காதல் பாட்டு. கேமரா பின்வாங்கினால் டிவியைச் சுற்றி இடிந்த நகரம். இந்தத் தொடரின் ஆன்மா அந்த ஒன்றரை நிமிடத்திலேயே இருக்கிறது. இடிபாடு எந்த விளையாட்டிலும் கிடைக்கும். அழிந்துபோன உலகம் கடைசிவரை பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தது என்ற குரூரமான நகைச்சுவைதான் இதற்கே உரியது. அதோடு, எண்ணி எண்ணிச் செலவழிக்கும் தோட்டா, திறக்கிற ஒவ்வொரு அலமாரியிலும் ஒரு நப்பாசை. இதை வைத்துத்தான் படங்களை எடைபோடுகிறேன்.

மேட் மேக்ஸ் வரிசையில் 2015-ல் வந்த ஃபியூரி ரோடை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அருமையான படம், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரே மூச்சில் ஓடும் துரத்தல். பாழ்நில விளையாட்டு நடக்கிற விளையாட்டு. முக்கால்வாசி நேரம் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்போம். ஃபியூரி ரோடில் யாருக்கும் குப்பை கிளற நேரமில்லை.

ஜார்ஜ் மில்லரின் இரண்டாம் மேட் மேக்ஸ் (1981) வேறு ரகம். ஃபால்அவுட்டின் தோற்றம் இங்கிருந்து அப்படியே எடுத்தது. ஒற்றைக் கை வைத்த தோல் ஜாக்கெட், கூடவே வரும் நாய், பெட்ரோலுக்காகக் கொலை. முதல் விளையாட்டில் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஜங்க்டவுன் என்ற ஊருக்குப் போனால் டாக்மீட் என்ற நாய் தானாகவே பின்னால் வந்துவிடும். இதைவிடப் பகிரங்கமாக நன்றி சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது வேறொரு இடம். மேக்ஸ் உட்கார்ந்து டின்னிலிருந்து நாய்த் தீவனத்தைக் கரண்டியால் அள்ளித் தின்கிறான். அவனுடைய நாய் பார்த்துக்கொண்டிருக்கிறது. கட்டிப்போடப்பட்ட கைதியும் அதே ஏக்கத்தோடு, மிச்சத்துக்காகக் காத்திருக்கிறான். அவ்வளவு நேரம் அந்தக் கைதியை அடக்கி வைத்திருந்த துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது என்பது பிறகுதான் தெரியும். குண்டு தீர்ந்த துப்பாக்கியை நீட்டி மிரட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இடத்தில் தானாகவே சிரிப்பு வரும். குறை ஒன்றுதான்: போருக்கு முந்தைய உலகத்தைப் பற்றி இந்தப் படத்துக்குப் பெரிய அக்கறை இல்லை. அழிவுக்கு முன்னால் மக்கள் எந்தப் பொய்யை நம்பினார்கள் என்று அது கேட்பதே இல்லை.

தி ரோடு (2009) அந்தக் கேள்வியைத் தொடாமலேயே நெஞ்சைப் பிசைகிறது. விகோ மார்டென்சனின் ரிவால்வரில் இரண்டே தோட்டா, இரண்டும் எதற்கு என்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். கிளறுவது, தேடுவது, பதுங்குவது எல்லாம் இதில் இருக்கிற அளவுக்கு வேறெங்கும் இல்லை. தரைக்கடியில் டின் உணவு நிறைந்த பதுங்கறை கிடைக்கும்போது நாமே கண்டுபிடித்ததுபோல் மனசு துள்ளும். மகன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோலா குடிப்பான். ஃபால்அவுட்டில் நூக்கா-கோலா என்ற பான பாட்டில்களை மூட்டை கட்டிச் சுமந்தவர்களுக்கு அந்த மிடறு வேறு மாதிரி இறங்கும். ஆனால் படத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. சாம்பல், இருமல், மீண்டும் சாம்பல். ஃபால்அவுட் மனநிலையில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவீர்கள்.

தி புக் ஆஃப் ஈலை (2010) விமர்சகர்கள் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. விளையாடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். திரைக்கதை எழுதிய கேரி விட்டா முன்பு பிசி கேமர் என்ற விளையாட்டு இதழின் ஆசிரியராக இருந்தவர், அது பிரேமுக்குப் பிரேம் தெரிகிறது. தொடக்கத்தில் டென்சல் வாஷிங்டன் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் நுழைகிறார். அலமாரியைத் திறந்தால் தூக்கில் தொங்கும் பிணம். அவர் பார்வை போவது பிணத்தின் முகத்துக்கு அல்ல, காலுக்கு. ஷூவைக் கழற்றித் தன் காலில் போட்டுப் பார்க்கிறார், அளவு சரியாக இருக்கிறது, அன்றைய பொழுது நல்ல பொழுது. இதைத்தானே நாமும் நூறு தடவை செய்தோம்? டாம் வெய்ட்ஸ் நடத்தும் கடையில் பேட்டரி சார்ஜ் செய்யப் பண்டமாற்றுப் பேரம். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ஊரை ஆளும் கேரி ஓல்ட்மேன். பாலைவனத்து வீட்டில் தேநீர் தந்து உபசரிக்கும் தாத்தா பாட்டி; அவர்கள் கை நடுங்குவது எதனால் என்று புரியும்போது கோப்பை கசக்கும். தனித்தனிக் கிளைக் கதைகளாகவே எடுத்து வைக்கலாம். கிளைமாக்ஸில் படம் ரொம்பப் பக்தியாகிவிடுகிறது, அது ஒன்றுதான் எனக்கு ஒட்டவில்லை.

என் ஓட்டு 1975-ல் வந்த எ பாய் அண்ட் ஹிஸ் டாக் படத்துக்கு. எல்.கியூ. ஜோன்ஸ் இயக்கியது, ஹார்லன் எலிசனின் குறுநாவலை வைத்து. கதை நடக்கும் ஆண்டு 2024. விக் என்ற இளைஞன், அவனோடு மனதால் பேசும் ப்ளட் என்ற நாய். இருவரில் படித்தவர் நாய்தான், பையனுக்கு வரலாற்றுப் பாடம் எடுக்கிறது. மேலே பாலைவனத்தில் பழைய படம் போடும் ஒரு கொட்டகை. நுழைவுக் கட்டணம் டின் உணவு. பாட்டில் மூடியைப் பணமாக்கிய ஃபால்அவுட்டுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது.

படத்தின் இரண்டாம் பாதி தரைக்கடியில், டொபீகா என்ற ஊரில். முகத்தில் வெள்ளைச் சாயம், கன்னத்தில் ரோஸ், பேண்டு வாத்தியம், பிக்னிக், ஒலிபெருக்கியில் ஓயாத அறிவிப்புகள். எதிர்த்துப் பேசுகிறவனை ஒரு கமிட்டி சாவகாசமாகக் கூடிச் சாவுக்கு அனுப்பும். காரியத்தை முடிப்பது விவசாயி வேஷம் போட்ட, சிரித்த முகத்து இயந்திர மனிதன். ஆண்டுக்கு ஒருவரைத் தாங்களே ஓட்டுப் போட்டுப் பலி கொடுக்கும் வால்ட் 11 என்ற நிலத்தடிப் பதுங்கிடத்தை, ஃபால்அவுட் வரிசையில் வந்த நியூ வேகஸில் பார்த்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்கார்வார்கள். மேட் மேக்ஸ் கொடுத்தது உடுப்பு. நாகரிகத்தின் பெயரால் நடக்கும் கோமாளித்தனம் இங்கிருந்துதான் வந்தது.

ஒரு எச்சரிக்கை: பெண்களை இந்தப் படம் நடத்தும் விதம் அருவருப்பானது. கடைசி நகைச்சுவை அதன் உச்சம். காலத்தின் குறை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அப்போதே அது உறுத்தியது. வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கிற படமில்லை.

நியூ வேகஸ்தான் உங்கள் விளையாட்டு என்றால் சிக்ஸ்-ஸ்ட்ரிங் சாமுராய் (1998) இருக்கிறது. 1957-ல் சோவியத் குண்டு போட்டுவிட, வேகஸை எல்விஸ் ஆள்கிறார். அவர் செத்ததும் காலியான சிம்மாசனத்துக்கு கிட்டாரும் வாளுமாக ஒருவன் நடக்கிறான். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கிறுக்குத்தனம் நிறைய. செர்னோபில் பக்கம் திரியும் ஸ்டாக்கர் விளையாட்டுக்காரர்களுக்கு இந்தப் பட்டியலே உதவாது. அவர்கள் தர்கோவ்ஸ்கி இயக்கிய, அதே ஸ்டாக்கர் என்ற பெயர் கொண்ட 1979 படத்துக்குத்தான் போக வேண்டும். துணி நாடா கட்டிய நட்டை முன்னால் வீசி, அது விழுந்த இடம்வரை மட்டும் நடக்கும் அந்த மனிதர்களை எந்தப் பிராணியும் துரத்துவதில்லை. ஆனாலும் புல்வெளியில் கால் வைக்கவே பயமாக இருக்கும்.