இரண்டு பாட்டில் விஜயா எண்ணெய்: என் கழுத்து வெட்டுக்கும் பயத்துக்கும் என்ன செய்தது

கஞ்சாச் செடியின் இலையிலிருந்து எடுக்கும் ஆயுர்வேத மருந்துதான் விஜயா எண்ணெய். கழுத்து தானாகவே வெட்டி இழுக்கும் நோய்க்காக அதை வாங்கினேன். முதல் அரை மில்லியை நாக்குக்கு அடியில் விட்டதுமே தெரிந்துவிட்டது, இதைக் காலையில் எடுத்துக்கொண்டு நான் வேலைக்குப் போக முடியாது என்று. அருகம்புல்லைக் கசக்கிப் பழைய நல்லெண்ணெயில் ஊறவைத்த மாதிரி ஒரு ருசி, பின்னாலேயே மெல்லிய மிளகுக் காரம். மூன்று தடவை வெந்நீரில் கொப்பளித்த பிறகும் ஒன்றரை மணி நேரம் நாக்கில் படலம் போகவில்லை. மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. எனக்கு நாக்குதான் சோறு போடுகிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கப் டேஸ்டிங் பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு முப்பது கப் வரிசையாக நிற்கும். நேற்றைய டஸ்ட் தேயிலைத் தூளைவிட இன்றையது எங்கே மங்கியது, டிரையர் சூடு கூடிவிட்டதா என்றெல்லாம் சொல்ல வேண்டும். அன்றைக்கு முப்பது கப்பும் எனக்கு ஒரே மாதிரி இருந்தன. டீ மேக்கர் சாரிடம் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மறுநாளிலிருந்து இரவில் மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று.

எனக்கு வயது 34. ஏழு வயதில் கண் வெட்ட ஆரம்பித்தது, அதாவது நான் நினைக்காமலே வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அப்புறம் கழுத்து, அப்புறம் தொண்டையில் 'க்கும்' என்று ஒரு செருமல். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா பந்தலூர்ப் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் எல்லோரும் "காத்து பட்டிருக்கு" என்றார்கள், கையில் கயிறு கட்டினார்கள். பள்ளியில் செருமலை நிறுத்தும்வரை வெளியே நிற்கச் சொன்னார்கள். நிறுத்த முடியாமல் பல பீரியட் வெளியே நின்றிருக்கிறேன். 19 வயதில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டர்தான் 'டூரெட் சிண்ட்ரோம்' என்ற பெயரைச் சொன்னார். 1885ல் ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த நோய் அது. பெயர் தெரிந்த அன்று பஸ்ஸில் மலை ஏறும்போது அம்மா என் கையை விடவே இல்லை. "உன் தப்பு இல்ல சாமி" என்று கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்த நோய் என்றதும் கெட்ட வார்த்தை கத்துவது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பத்தில் ஒருவருக்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். மற்றவர்களுக்கு என்னைப் போலத்தான், வெட்டும் செருமலும். வெட்டு வருவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு ஊறல் ஏறும், தும்மல் வரப்போகும்போது மூக்கில் ஏறுமே, அது மாதிரி. அடக்கலாம், ஆனால் அடக்க அடக்க ஊறல் கூடும். இதைவிடப் பெரிய தொல்லை பயம். கோத்தகிரி குன்னூர் பஸ்ஸில் ஏறும்போதே யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று மனம் கணக்குப் போடும். அந்தப் பயத்தில் வெட்டு இரட்டிப்பாகும், இரட்டிப்பானதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். டேஸ்டிங் அறை ஒன்றுதான் விதிவிலக்கு. அங்கே எல்லோருமே ஸ்பூனிலிருந்து தேநீரைச் சத்தமாக உறிஞ்சித் துப்புகிறவர்கள். அந்தச் சத்தத்தில் என் செருமல் தனியாகக் கேட்காது. பதினோரு வருடமாக நான் தோளைத் தளர்த்தி நிற்கும் அறை அது.

மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கொடுத்தது ஹாலோபெரிடால். வெட்டு குறைந்தது, ஆனால் தாடை இறுகிப்போய் பேச முடியாமல் ஒரு ராத்திரி அவசரப் பிரிவில் கிடந்தேன். இப்போது அரிப்பிபிரசோல், தினமும் இரவில். பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் இந்த எண்ணெய்.

ஆர்டர் செய்ததற்குக் காரணம் 2023ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி. கஞ்சாச் செடியில் இருக்கும் சத்துகளில் டிஎச்சி போதை தருவது, சிபிடி போதை தராதது. டூரெட் உள்ள 22 பெரியவர்களுக்கு இந்த இரண்டும் சம அளவில் கலந்த எண்ணெயை ஆறு வாரம், வெற்று எண்ணெயை ஆறு வாரம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ எண்ணெயில் வெட்டு தெளிவாகக் குறைந்தது. சிலருக்கு ஞாபகமும் கவனமும் மங்கின. அதே வருடம் ஜெர்மனியில் 97 பேரிடம் இதே இரண்டையும் வாய் ஸ்ப்ரேயாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆராய்ச்சி, தான் வைத்திருந்த முக்கியமான அளவுகோலைத் தாண்டவில்லை. முதல் ஆராய்ச்சியைப் படித்த அன்றே பணம் கட்டிவிட்டேன். இரண்டாவதைப் படித்தது இரண்டு வாரம் கழித்து.

சர்வீஸ் விஷயத்துக்கு வருகிறேன். வெப்சைட்டில் ஒரு படிவம், பிறகு வீடியோவில் ஆயுர்வேத டாக்டர். இந்தியும் இங்கிலீஷும் மட்டும்தான், தமிழில் பேச ஆள் கிடையாது. ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டார். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்கவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. மருந்துச்சீட்டு போனுக்கு உடனே வந்தது. பார்சல் ஒன்பது நாள். கூரியர்காரர் எங்கள் ஊர் வரைக்கும் வருவதில்லை, கோத்தகிரி பஜாருக்குப் போய்த்தான் வாங்கினேன். 30 மில்லி பாட்டில் 3,200 ரூபாய். நாளைக்கு ஒரு மில்லி கணக்கில் சரியாக ஒரு மாதம். கண்ணாடிப் பாட்டில், சொட்டு விடும் டிராப்பர், பெட்டி எல்லாம் அழகு. டிராப்பரில் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டிருந்தது உண்மையிலேயே உதவியது.

அம்மாவுக்கு இது கஞ்சாச் செடி என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. லைனில் நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் வாங்க நினைக்கிற எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வரும். 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூக்கும் நுனியை. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறையில் வராது. அந்த இலையைத்தான் 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரில், லைசென்ஸோடு மருந்தாக விற்கிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் கோயம்புத்தூர் போகும்போது குஞ்சப்பனை செக்போஸ்டில் பஸ் நின்றால் எனக்கு நெஞ்சு அடிக்கத்தான் செய்தது. பில்லையும் மருந்துச்சீட்டையும் பாட்டிலோடு ஒரே உறையில் வைத்துக்கொண்டேன். பயத்தைக் குறைக்க வாங்கிய மருந்தே பயத்துக்கு ஒரு காரணம் ஆகிவிட்டது என்று அன்று தோன்றியது. அதில் எனக்கு உண்மையான துக்கம்.

"எதுக்குண்ணே மூவாயிரம், நான் பொட்டலம் வாங்கித் தர்றேன்" என்றான் ஃபேக்டரியில் ஒரு தம்பி. வேண்டவே வேண்டாம் என்றேன். சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புகையில் எவ்வளவு டிஎச்சி என்று யாருக்கும் தெரியாது, அது கூடினால் பதற்றத்தைக் கிளப்பவும் செய்யும். இருபது வயதில் கூடலூரில் ஒரு தடவை இழுத்திருக்கிறேன். கழுத்து ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தது. அடுத்த மூன்று மணி நேரம் செத்துவிடுவேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. என் மனதில் அதிகம் நிற்பது இதுதான். லேபிளில் பெரிய எழுத்தில் 3,000 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அது சிபிடி என்று நினைத்துத்தான் வாங்கினேன். பக்கவாட்டில் சின்ன எழுத்தைப் படித்தால் அது 'விஜயா இலைச் சாரம்', அதாவது இலையிலிருந்து எடுத்த மொத்தச் சாரத்தின் எடை. அதற்குள் சிபிடி எத்தனை, டிஎச்சி எத்தனை என்று ஒரு வரி இல்லை. ஒரு மூட்டைப் பசுந்தேயிலையின் எடையைச் சொல்லிவிட்டு இதுதான் தூளின் எடை என்று யாராவது எங்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்வோமா? ஆஸ்திரேலிய எண்ணெயில் ஒரு மில்லிக்கு இரண்டும் ஐந்தைந்து மில்லிகிராம் என்று அளந்து வைத்திருந்தார்கள், மெதுவாக ஏற்றி நாளைக்கு இருபது இருபது வரை கொடுத்தார்கள். என் எண்ணெயோ 'சிபிடி அதிகம், டிஎச்சி குறைவு' என்று வாட்ஸப்பில் வாய்ச்சொல்லாகச் சொல்லப்பட்டது. அப்படியென்றால் நான் படித்த ஆராய்ச்சியும் நான் குடித்த எண்ணெயும் ஒன்றே இல்லை. லேப் ரிப்போர்ட் கேட்டேன். நாலு நாள் கழித்து ஒன்று வந்தது, அதில் இருந்த பேட்ச் எண் என் பாட்டிலில் இருந்த எண் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஹெம்ப் விதை எண்ணெய், அதாவது கஞ்சாச் செடியின் விதையில் ஆட்டிய எண்ணெய், கிடைக்கிறது. அது 2021லிருந்து உணவாக அனுமதிக்கப்பட்ட பொருள், சமையலுக்கு நல்ல எண்ணெய். விதையில் இந்த மருந்துச் சத்து அநேகமாகக் கிடையாது. விலை குறைவு என்று வெட்டுக்காக அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

பலனைச் சொல்கிறேன். எண்ணெய் தொடங்குவதற்கு முன்பே இரண்டு வாரம் நோட்டுப் போட்டேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, அதே நாற்காலி, பத்து நிமிடம், கழுத்து வெட்டை மட்டும் தங்கச்சி எண்ணுவாள். எண்ணெய்க்கு முன் பெரும்பாலும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில். எண்ணெயில் இருந்த முதல் ஆறு வாரத்தில் ஒரு வாரம் இருபத்தைந்துக்கு இறங்கியது, அடுத்த வாரம் நாற்பத்தொன்று. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது, அதனால் அந்த இருபத்தைந்தை எண்ணெயின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. செருமலில் மாற்றமே இல்லை.

ஆனால் தூக்கம் வந்தது. படுத்து ஒரு மணி நேரம் கழுத்து இழுத்துக்கொண்டே இருக்கும் எனக்கு, மூன்றாவது வாரத்திலிருந்து சீக்கிரமே கண் சொருகியது. நன்றாகத் தூங்கிய மறுநாள் பஸ்ஸில் அந்தப் பழைய கணக்குப் போடுதல் குறைந்திருந்தது. குன்னூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி ஒளியாமல் நேராக உட்கார்ந்து போன நாட்கள் சில உண்டு. அந்த நாட்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்கு அவை பெரியவை.

அப்புறம் ஆறாவது வாரம். பகலிலும் தூக்கம் தள்ள ஆரம்பித்தது, கால் பரபரவென்று ஓரிடத்தில் நிற்க விடவில்லை. எனக்கு மாத்திரை எழுதித்தரும் கோயம்புத்தூர் டாக்டரம்மாவிடம் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவில்லை. கல்லீரலில் அரிப்பிபிரசோலைக் கரைக்கும் அதே நொதிகளைச் சிபிடி மந்தமாக்கும், அதனால் மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறியிருக்கலாம் என்று படம் போட்டு விளக்கினார். "கேட்டுட்டு ஆரம்பிச்சிருந்தா ரத்தம் பாத்து அளவைச் சரிசெஞ்சிருப்பேனே தம்பி" என்றார். வீடியோவில் அந்த ஆறு நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். என் பங்கும் உண்டு, நானும் சொல்லவில்லை. ஆனால் கேட்பது மருத்துவம் பார்க்கிறவர் வேலை. மாத்திரையை அவர் சொன்னபடி குறைத்து, எண்ணெயையும் பாதியாக்கியதும் கால் அடங்கியது. பகல் தூக்கமும் அதோடு நின்றது.

அன்று அவர்தான் பழக்கம் மாற்றும் பயிற்சியைப் பற்றிச் சொன்னார். ஊறல் ஏறும் நொடியில் வெட்டுக்கு எதிரான அசைவை வைத்துக்கொள்வது. எனக்கு, தாடையை லேசாக உள்ளே இழுத்துக் கழுத்தை இறுக்கி ஒரு நிமிடம், அல்லது ஊறல் போகும்வரை. செருமலுக்கு மூக்கு வழியாக மெதுவான மூச்சு. அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் பத்து வாரம் செய்து 2010ல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள், பயிற்சி எடுத்தவர்களில் பாதிக்கு மேல் தேறினார்கள். புதன்கிழமை சாயங்காலம் தமிழ் பேசும் ஒரு மனநல ஆலோசகரோடு வீடியோவில் செய்கிறேன். எங்கள் பக்கம் சிக்னல் நிற்கும் இடம் ஃபேக்டரி மேல்மாடியில், இலை வாட்டும் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான். காற்றாடி இரைச்சலில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, வாடும் பச்சை இலை வாசனையில் நின்று, கழுத்தை இறுக்கி அறுபது எண்ணுகிறேன். ஐந்து வாரத்தில் தங்கச்சியின் நோட்டில் எண் இருபதுக்கு வந்திருக்கிறது. எண்ணெய் அப்போதும் பாதி அளவில் ஓடிக்கொண்டிருந்ததால் பெருமையை யாருக்குக் கொடுப்பது என்று பிரிக்க முடியவில்லை. டாக்டரம்மா எண்ணெயை நிறுத்தி ஒரு மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், தூக்கத்துக்கு மூன்றரை, பயத்துக்கு மூன்று, வெட்டுக்கு ஒன்று. லேபிளுக்கும் அந்த வீடியோ ஆலோசனைக்கும் எதுவும் கொடுக்க மாட்டேன். சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று பந்தலூரிலிருந்து ஒரு அக்கா போனில் கேட்டார். வேண்டாம் அக்கா, முதலில் பயிற்சி, அப்புறம் டாக்டர் சொல்வது என்றேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாகக் குறையும் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் அழுதார்.

இரண்டாவது பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருக்கிறது, அலமாரியில் வைத்திருக்கிறேன். என் பேட்ச் எண்ணுக்கான ரிப்போர்ட்டை மூன்றாவது முறையாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். வந்தால் மில்லிக்கு எத்தனை என்று இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.