வேலூர் வெயிலில் சின்ன கார்: வேக்ஸா, சீலன்ட்டா, செராமிக்கா?

போன சித்திரையில் எங்கள் சிவப்பு ஹேட்ச்பேக்கின் பானெட்டை நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்தேன். டிரைவர் பக்கம் கார்நாபா வேக்ஸ், மறுபக்கம் பாலிமர் சீலன்ட், அதாவது மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சு. காட்பாடியில் இருக்கும் என் மச்சான் அதே மாதம்தான் தன் வெள்ளைக் காருக்கு 14,000 ரூபாய் கொடுத்து செராமிக் கோட்டிங் போட்டிருந்தான். மூன்றையும் ஒரே வெயிலில், ஒரே போர் தண்ணீரில் வைத்துப் பார்க்க நல்ல வாய்ப்பு. ஐப்பசி மழை வரை விடாமல் பார்த்தேன்.

பூசி முடித்த அன்று கேட்டிருந்தால் வேக்ஸ்தான் என்று சொல்லியிருப்பேன். சிவப்பு நிறத்துக்கு வேக்ஸ் தரும் அந்த ஈரமான, ஆழமான மினுமினுப்பு வேறு எதிலும் வருவதில்லை. கார்நாபா என்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையில் படியும் மெழுகு. சுத்தமான கார்நாபா உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் டப்பாவில் வருவது சுத்த கார்நாபா இல்லை. துணியில் எடுத்துத் தேய்க்கிற அளவுக்கு இளகியிருக்க வேறு மெழுகும் எண்ணெயும் கலந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, வெளியில் நிற்கும் காரின் பானெட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் மெழுகு இளகிப் புழுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஆறாவது வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சீலன்ட் பக்கம் முத்து முத்தாக உருண்டது. வேக்ஸ் பக்கம் தகடாகப் பரவி, அப்படியே நின்றது. டேப்பை எப்போதோ எடுத்துவிட்டேன், ஆனால் கோடு எங்கே இருந்தது என்று தண்ணீரே காட்டியது.

சீலன்ட் பார்வைக்கு வேக்ஸ் அளவு இல்லை. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, கொஞ்சம் வறண்ட பளபளப்பு. ஆனால் ஐப்பசி வரை உழைத்தது. 700 ரூபாய் பாட்டில், சின்ன காருக்கு நாலைந்து முறை வரும்.

சரி, செராமிக்? இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாற்றமடைகிறார்கள். பொருள் மோசமில்லை, எதிர்பார்ப்புதான் தவறு. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட இந்தப் பூச்சு பெயின்டோடு நன்றாகப் பிணைந்துகொள்ளும். ஷாம்பூவுக்கு அசையாது, பறவை எச்சத்தைத் துடைக்க அவகாசம் தரும், அழுக்கு சுலபமாகக் கழன்றுவிடும். இதெல்லாம் உண்மை. ஆனால் விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனை அளவு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்னால் போகும் ஜல்லி லாரியிலிருந்து தெறிக்கும் கல்லை அது தடுக்காது. அதற்கு பிபிஎஃப் என்கிற தடித்த பிலிம்தான் வழி. சின்ன காருக்கு முழுதாக ஒட்டினால் வண்டி விலைக்கும் அதற்கும் பொருத்தமே இருக்காது. பானெட் முன்விளிம்பு, கதவுக் கைப்பிடிக் குழி, டிக்கி விளிம்பு மட்டும் போதும்.

மச்சான் ஆடி மாதம் போன் செய்தான். "மாமா, இவ்ளோ பணம் குடுத்தும் வண்டி மேல வட்டம் வட்டமா நிக்குது. தேய்ச்சாலும் போகல." போய்ப் பார்த்தேன். வெள்ளை வண்டி என்பதால் தூரத்திலிருந்து தெரியவில்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோது கூரை முழுக்கச் சுண்ணாம்பு வளையங்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. விரல் நுனியால் தடவினால் வளையத்தின் ஓரம் மேடாகத் தட்டுகிறது.

செராமிக் மீது தண்ணீர் நன்றாக உருண்டு நிற்கும். ஓடிப்போனால் நல்லது. கூரை போன்ற சமதளத்தில் நின்று வெயிலில் காய்ந்தால், அந்தத் துளியில் இருந்த கால்சியமும் மக்னீசியமும் ஒரே இடத்தில் வளையமாக இறுகிவிடும். பாலாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஊர் இது. போர் தண்ணீரில் கீசர் காயிலிலும் குழாய் முனையிலும் படியும் அதே உப்புதான் கார் மேலும் படிகிறது. காலை பதினோரு மணிக்குக் கழுவி, துடைக்காமல் விட்டால் 14,000 ரூபாய்ப் பூச்சு ஆனாலும் அதே கதிதான். வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, நிழலில், துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் போட்டு எடுத்தோம். முக்கால்வாசி கரைந்தது. மிச்சம் பூச்சுக்குள் இறங்கிவிட்டது. பாலிஷ் போட்டால் பூச்சும் சேர்ந்து போகும்.

அதனால் என் தீர்ப்பு இது. மூடிய ஷெட், புது வண்டி, விடிகாலையில் கழுவித் துடைக்கும் பழக்கம் மூன்றும் இருந்தால் செராமிக் போடுங்கள். தெருவில், வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிக்கு வருடம் இரண்டு முறை சீலன்ட். பங்குனி ஆரம்பத்தில் ஒன்று, மழைக்கு முன் ஒன்று. வேக்ஸ் வேண்டுமென்றால் கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ அதன் மேலேயே ஒரு கை போடலாம். டெஃப்லான் கோட்டிங் என்று சொல்லி விற்பதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். டெஃப்லான் உருக 327 டிகிரி வேண்டும். தோசைக்கல்லில் ஒட்ட வைப்பது போல கார் பெயின்டில் அதை ஒட்ட வைக்க முடியாது.

எதைப் பூசினாலும் முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். நான் கண்டுபிடித்த நல்ல வழி ஏசி தண்ணீர். ராத்திரி முழுக்க ஏசி குழாயடியில் வாளி வைத்தால் காலையில் பாதி வாளி நிற்கும். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டியது, அதில் உப்பு கிடையாது. போர் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலை மட்டும் இதில் செய்து மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் கறை விழுவதில்லை. ஆர்ஓ மெஷினின் கழிவு நீரை மட்டும் தொடாதீர்கள், அது போர் தண்ணீரை விட உப்பு.

ரப்பிங் பற்றி ஒரு வார்த்தை. காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டால் புதுசு மாதிரி ஆகிறது என்று ஒவ்வொரு சர்வீஸிலும் போடச் சொல்பவர்கள் உண்டு. நிறத்துக்கு மேலே நிறமில்லாமல் இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி அதைவிடத் தடிமன். ஒவ்வொரு ரப்பிங்கிலும் அதில் கொஞ்சம் போய்விடும், திரும்ப வராது. தேய்க்கும் துணியில் வண்டியின் நிறமே ஒட்டினால் அங்கே கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை அன்றே ஈரத்துணியால் எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பிங்கே தேவைப்படாது.

சக்கரத்துக்கு வருவோம். சின்ன கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் மூடிய டிரம் பிரேக். அதனால்தான் முன் ரிம் மட்டும் சீக்கிரம் பழுப்பாகிறது. அது பிரேக் தூள், அதில் இரும்பு இருக்கிறது. போட்டி இங்கே ஆசிட்டுக்கும், இரும்புத்தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவருக்கும். ஒரு வாட்டர் சர்வீஸில் என் அலாய் வீலுக்கு ஆசிட் கலந்து அடித்தார்கள். இரண்டே நிமிடத்தில் பளிச். மறு மாதம் போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு. மேலே காப்பாக இருந்த லேக்கர் பூச்சு போய்விட்டிருந்தது. அதற்கு மருந்து கிடையாது, திரும்ப பெயின்ட்தான். அயர்ன் ரிமூவர் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், விலையும் கூட. ஆனால் இரும்புத்தூள் இருக்கும் இடத்தில் மட்டும் ஊதா நிறமாக மாறி வழியும். எங்கே அழுக்கு, எங்கே இல்லை என்று கண்ணுக்கே தெரியும். ரிம் ஆறியிருக்கும்போது அடித்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஸ்டீல் ரிம், மேலே பிளாஸ்டிக் வீல் கப் என்றால் இது எதுவும் வேண்டாம். கப்பைக் கழற்றி ஷாம்பூவில் கழுவி, ரிம்மில் துரு தட்டிய இடத்தில் டச்சப் செய்தால் போதும். தார்ப்புள்ளிக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி நன்றாகவே வேலை செய்கிறது, டயர் ரப்பரில் படாமல் பார்த்து, பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள்.

டயர் பாலிஷில் எண்ணெய்ப்பசை உள்ளது வேண்டாம். நம் ஊர்ப் புழுதிக்கு ஒரே நாளில் டயர் மண் அப்பிவிடும், வேகத்தில் சைடு பேனலிலும் தெறிக்கும். தண்ணீர் அடிப்படையிலானது பளபளப்பு குறைவு, கறுப்பு சரியாக இருக்கும்.

கறுப்பு பிளாஸ்டிக், அதாவது பெயின்ட் அடிக்காத கைப்பிடி, கண்ணாடி அடிப்பாகம், ஒயிப்பருக்குக் கீழே உள்ள தகடு, இவைதான் வண்டியின் வயதை முதலில் காட்டிக்கொடுக்கும். வெயில் பட்டுப் பட்டுச் சாம்பல் பூக்கும். தேங்காய் எண்ணெய் இரண்டு நாள் கறுப்பு, மூன்றாம் நாள் புழுதி. டேஷ்போர்டு பாலிஷ் ஒரு மழை வரை. ஹீட் கன் காட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய்த்தன்மை மேலே வந்து கறுத்துவிடும். பார்க்க அதிசயமாக இருக்கும், ஆனால் சில மாதத்தில் பழையபடி ஆகும், ஒரு கணம் அதிகம் நின்றால் பிளாஸ்டிக் உருகும். டிரிம் கோட்டிங் என்று தனியாக வரும் சின்ன பாட்டில்தான் நிற்கிறது. எங்கள் வண்டியில் சித்திரையில் போட்டது இன்னும் கறுப்பாக இருக்கிறது. செராமிக்குக்குப் பணம் செலவு செய்ய நினைப்பவர்கள் முதலில் இதில் போடுங்கள், முழு வண்டியும் இளமையாகத் தெரியும்.

வேக்ஸ் பூசும் முன் இந்தக் கறுப்பு பாகங்களுக்கு டேப் ஒட்டிவிட வேண்டும். அவசரத்தில் நான் ஒயிப்பர் பக்கம் ஒட்டாமல் விட்டு, வேக்ஸ் வெள்ளையாகக் காய்ந்து பிளாஸ்டிக் சொரசொரப்புக்குள் புகுந்துவிட்டது. துணி, ஷாம்பூ, பழைய டூத் பிரஷ் எதற்கும் போகவில்லை. மகள் தன் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்து முழுவதையும் எடுத்துவிட்டாள்.