கடலில்லாத ஊரில் சுக்கான் பராமரிப்பு: பழைய ஹோபி 16 நீண்டகால அனுபவம்

ஹோபி 16 என்ற என் இரட்டை உடல் பாய்மரப் படகு கிடப்பது புதுச்சேரிக் கடற்கரை மணலில். அதன் சுக்கான் இரண்டும் கிருஷ்ணகிரியில் என் வீட்டுப் பரண்மேல். நடுவே ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று 200 கிலோமீட்டருக்கு மேல் ரோடு. கடலுக்குப் போகும்போதெல்லாம் கார் டிக்கியில் போட்டு எடுத்துப்போகிறேன், திரும்பும்போது கழற்றிக்கொண்டு வருகிறேன். இது கிறுக்குத்தனம் என்று வீட்டில் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆனால் இந்தப் படகில் வெயிலும் உப்பும் மணலும் முதலில் கைவைப்பது சுக்கானில்தான். அதைச் சரிசெய்யும் ஆட்களும் சாமானும் கடற்கரையைவிட எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறார்கள்.

ஹோபி ஆல்ட்டர் 1970 வாக்கில் கலிபோர்னியாவில் கொண்டுவந்த வடிவம் இது. நீளம் 5.05 மீட்டர். படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவே இறக்கும் பலகை கிடையாது. உடல்களையே ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் செய்திருக்கிறார்கள். நேராகக் கரையேற வசதி. ஆனால் திருப்பும் வேலை முழுக்கச் சுக்கான் தலையில் விழுகிறது. ஒகேனக்கல் பரிசலில் உந்துவதும் திருப்புவதும் ஒரே துடுப்புதான், சுக்கான் என்ற பேச்சே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தப் பின் (இணைக்கும் ஊசி), புஷ் (அது நுழையும் ஓட்டைக்குள் உட்காரும் குழாய்), கேம் (பலகையைப் பூட்டி விடுவிக்கும் துண்டு), ஸ்பிரிங் எல்லாம் ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தன.

சுக்கான் என்றதும் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கும் பலகையைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது இணைப்புகளின் ஆட்டத்தை. பின்னில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பலகை நுனியில் அது பல மில்லிமீட்டராகத் தெரியும். வேகம் பிடித்ததும் டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைத்தடி) கையில் நடுங்கும், ஓட்டை இன்னும் அகலும். சோதிப்பது எளிது. சுக்கானை இறக்கிப் பூட்டிவிட்டு, ஒருவர் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று இடம்: படகின் பின்புறக் காதில் பின் நுழையுமிடம், சுக்கானைத் தாங்கும் மேல் அலுமினிய வார்ப்பும் கீழ் வார்ப்பும் சேருமிடம், கீழ் வார்ப்புக்குள் பலகை உட்காருமிடம்.

மூன்றாவதற்குப் பைசா செலவில்லை. சமையல் எண்ணெய் கேனை வெட்டி, அந்தப் பிளாஸ்டிக்கைப் பலகையின் இருபக்கமும் சொருகினால் ஆட்டம் போய்விடும். இறுக்கமாக இருக்கவேண்டும், ஆனால் பலகை தூக்கும்போது சிக்கக் கூடாது.

முதலாவதுக்குப் புஷ் மாற்றவேண்டும். ஓசூர் சிப்காட் பக்கத்துச் சிறு பட்டறைகளில் இதைவிட நுணுக்கமான சாமான்களை தினமும் கடைகிறார்கள். லேத்காரர், "கன்மெட்டல்ல போட்டுடலாம்ண்ணா, ஆயுசுக்கும் ஓடும்" என்றார். டிராக்டருக்கு அது சரி. அலுமினிய வார்ப்போடு செம்பு கலந்த கன்மெட்டலைச் சேர்த்து உப்புத்தண்ணீரில் விட்டால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். நைலான் ராடும் வேண்டாம் என்றேன். அது தண்ணீர் குடித்து ஊதி, பின்னைப் பிடித்துக்கொள்ளும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் அவ்வளவாக ஊதாது. டெல்ரினில் கடைந்த புஷ் இன்றுவரை ஓடுகிறது, வருஷத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன். அலுமினியம் அரிக்கும் அதே காரணத்தால், எஸ்.எஸ். போல்ட் அலுமினியத்தில் ஏறுமிடத்தில் காப்பர் கிரீஸ் தடவவே தடவாதீர்கள். பின்னிலும் கேமிலும்கூட கிரீஸ் வேண்டாம், மணல் ஒட்டி உப்புத்தாள் வேலை செய்யும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி பலகை. என்னிடம் இரண்டு ஜோடி இருக்கின்றன. ஒன்று கெட்டியான பாலிகார்பனேட், இன்னொன்று உள்ளே ஃபோம் வைத்து எபாக்ஸி என்ற பிசினில் (ரெசின்) செய்த ஃபைபர். முதல் ஜோடி அடிதாங்கும், ஆனால் சுமை ஏறினால் வளையும், ரெசினும் அதில் சரியாகப் பிடிக்காது. அதை அசிட்டோன் போட்டுத் துடைக்காதீர்கள், மேற்பரப்பு நுண்ணிய வெடிப்பாக வெடித்துவிடும். ஃபைபர் ஜோடி கையில் லேசாக, துல்லியமாக இருக்கும். கல்லில் தட்டினால் முன்விளிம்பு பெயரும்.

பெயர்ந்ததைச் சரிசெய்ய எங்கள் ஊர் கைகொடுத்தது. கிரானைட் பட்டறைகளில் பலகைக்கல்லின் மயிரிழை விரிசலை அடைக்க எபாக்ஸி பாய்ச்சுகிறார்கள். ரெசினைப் பற்றி அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. ஃபைபர் கடையில் முதலில் நீட்டும் பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு, ஆனால் எபாக்ஸி பலகைமேல் அது ஒட்டிநிற்காது. சாதா மேட்டும் (நறுக்கிய ஃபைபர் இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) வேண்டாம், அதிலுள்ள பசை பாலியெஸ்டரில் கரைவதற்கென்று போட்டது. நெசவுத் துணியாகக் கேளுங்கள்.

உடைந்த இடத்தைக் குத்தாக வெட்டாமல் சாய்வாகத் தேய்க்கவேண்டும். ஆழம் ஒரு மில்லிமீட்டர் என்றால் சரிவு 12 மில்லிமீட்டர் ஓடவேண்டும். ரெசினையும் ஹார்ட்னரையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலக்குங்கள், கண்ணளவு இதில் செல்லாது. குழி நிரப்ப ஏரோசில் என்ற மெல்லிய சிலிக்கா தூள் சேர்த்துக் கெட்டியாக்கினால் வழியாது. போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதையும் பெரிதாகத் துளைத்து, நறுக்கிய ஃபைபர் கலந்த எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளைக்கலாம்.

இந்த வேலைக்கு நான் ஒதுக்குவது ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடலில் இறங்க முடியாது. ஆனால் அப்போது இங்கே குளிரும் ஈரமும். எபாக்ஸி மெதுவாக இறுகும், மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பூச்சு. வெயில் எபாக்ஸிக்கு ஆகாது, கடைசியில் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பாலியூரித்தேன் பெயிண்ட் கட்டாயம்.

ஓடும்போது சுக்கான் ரீங்காரமிட்டால் பலர் பேரிங்கைத் தேடுவார்கள். பெரும்பாலும் பின்விளிம்பு மொண்ணையாகியிருக்கும். ஒருபக்கம் சாய்வாகத் தேய்த்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும்.

தரை தட்டினால் பலகை தானாகத் தூக்கிக்கொள்ளும் அமைப்பில் எனக்குப் புகார் இல்லை. அலை மடியும் அந்தக் கரையில் அது இல்லாமல் முடியாது. பிளாஸ்டிக் கேம் தேயும், மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடுக்கவேண்டும். தளர்ந்திருந்தால் வேகத்தில் பலகை லேசாகப் பின்னால் சாய்ந்துவிடும், உடனே டில்லர் கையை இழுக்கும். "காற்று ஜாஸ்தி, கை வலிக்குது" என்று சொல்பவர்களில் பலருக்குக் காற்று காரணமே இல்லை, பலகை முழுசாக இறங்கிப் பூட்டவில்லை. இரண்டு பலகையும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க, அவற்றின் முன்விளிம்புகளுக்கு இடையே ஓர் அளவும், அதே உயரத்தில் பின்விளிம்புகளுக்கு இடையே ஓர் அளவும் எடுங்கள். இரண்டும் சமமாக, அல்லது முன்னால் 3 மில்லிமீட்டர்வரை குறைவாக இருந்தால் போதும்.

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் பாயை விரித்துப் பார்ப்பதற்கு முன் சுக்கான் வார்ப்புகளைப் பாருங்கள். பாயைத் தைக்கலாம், பலகையை ஒட்டலாம், விரிசல்விட்ட வார்ப்பை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எனக்கு இனி வாங்குவதாக இருந்தால் ஃபைபர் பலகைதான். பாலிகார்பனேட் ஜோடியைப் புதிதாகப் பழக வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கிறேன்.