'கம்பி நீட்டு' என்றால் என்ன? இரண்டு அகராதிகளை வைத்து ஒரு மதிப்புரை

அகராதி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் அங்கேயே நின்று ஒரு பேச்சு வழக்கு வினையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 'கம்பி நீட்டு' அதற்கு ஏற்றது. 'ஓடிப்போதல்' என்று யாரும் பொருள் எழுதிவிடலாம். யார் ஓடினால், எதிலிருந்து ஓடினால் இந்த வினை பொருந்தும் என்பதுதான் தெரிய வேண்டியது.

கம்பி நீட்டுகிறவருக்கு ஏதோ ஒரு கடமை பாக்கி இருக்கும். ஏலச்சீட்டு நடத்தியவர் பணத்தோடு காணாமல் போனால் கம்பி நீட்டிவிட்டார். பந்தியில் பரிமாற வேண்டிய பையன் சாம்பார் வாளியைத் திண்ணையில் வைத்துவிட்டு மறைந்தால் அவனும் கம்பி நீட்டியவன்தான். மழைக்குப் பயந்து வீட்டுக்கு விரைகிறவரை அப்படிச் சொல்ல மாட்டோம். சொல்பவரின் மனக்குறை அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் மரியாதைக்குரிய ஒருவரிடம் "நேத்து கம்பி நீட்டிட்டீங்களே" என்றால் சுருக்கென்று தைக்கும். 'நான் கம்பி நீட்டிட்டேன்' என்பது நெருங்கிய நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வது.

இலக்கணத்திலும் ஒரு விசேஷம் உண்டு. 'நீள்' தன்வினை, 'நீட்டு' அதன் பிறவினை. கையை நீட்டினான் என்று செயப்படுபொருள் கேட்கும். 'கம்பி நீட்டு' என்று சேர்ந்ததும் முழுத்தொடரும் செயப்படுபொருள் குன்றிய வினையாகிவிடுகிறது. எழுத்தில் உருபை விரித்து 'கம்பியை நீட்டினான்' என்றால் கட்டட வேலை செய்கிறவர்தான் முதலில் கண்முன் வருவார். 'நடையைக் கட்டு' இதற்கு நேர் எதிர்: அங்கே 'ஐ' போனால் தொடரே தளர்ந்துவிடும். அதை ஏவலாகவும் சொல்லலாம், "சரி, நடையைக் கட்டு" என்று. 'கம்பி நீட்டு' ஏவலாக வருவது அபூர்வம். பெரும்பாலும் 'விடு' சேர்ந்து 'நீட்டிவிட்டான்' என்றும், முயற்சியைக் குறிக்க 'நீட்டப் பார்க்கிறான்' என்றும் வரும்.

இனி அகராதிகள்.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வந்தது. விரிவாக்கிய பதிப்புகள் 2008இலும் 2020இலும் வந்தன. அதைப் பதிப்பித்த க்ரியா ராமகிருஷ்ணன் மூன்றாம் பதிப்பு வந்த அதே 2020 நவம்பரில் மறைந்தார். அவருடைய உழைப்பின் பயன் இந்த மாதிரி வினைகளில்தான் நன்றாகத் தெரிகிறது. வினைக்குப் பக்கத்திலேயே செய, செய்து வடிவங்கள் இருக்கும்: நழுவு என்றால் நழுவ, நழுவி. இந்த இரண்டும் தெரிந்தால் துணைவினைகளை ஒட்டுவதில் பிழை வராது. பொருளின் முன்னால் அடைப்புக்குறிக்குள் சூழலும், பின்னால் ஆங்கிலப் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் வருகின்றன. 'பே.வ.' என்றால் பேச்சு வழக்கு, 'இலங்.' என்றால் இலங்கை வழக்கு. இந்தக் குறிகளைப் பார்க்காமல் தாண்டுகிறவர்கள்தான் பேச்சு வழக்குச் சொல்லை அலுவலகக் கடிதத்தில் எழுதிவிட்டு விழிப்பார்கள்.

தேடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இத்தகைய கூட்டுவினைகள் ஒரே சொல்லாகச் சேர்ந்து தலைச்சொல்லாக இருக்கும். 'கம்பி'யின் பொருள்களுக்குள் தேடாமல் அடுத்தடுத்த தலைச்சொற்களில் பாருங்கள். பக்கத்தில் 'கம்பி எண்ணு' நினைவுக்கு வந்தால் குழம்ப வேண்டாம். அது சிறையில் இருப்பது.

இதன் குறை, அகரவரிசை மட்டுமே வழிகாட்டி என்பது. பொருள் மனதில் இருந்து சொல் கிடைக்காமல் தவிக்கிறவருக்கு நழுவு, ஓட்டம் பிடி, தலைமறைவாகு எல்லாம் வெவ்வேறு மூலையில் கிடக்கும். வேறுபாட்டை நாமே அறிந்துகொள்ள வேண்டும். நழுவுகிறவர் சத்தமில்லாமல் போகிறார். 'மெல்ல' அதோடு ஒட்டும். ஓட்டம் பிடிக்கிறவரோடு 'மெல்ல' ஒட்டவே ஒட்டாது. தலைமறைவானவரைத் தேட ஒரு போலீஸ்காரராவது வேண்டும். நழுவு மட்டும் பொருளுக்கும் வாய்ப்புக்கும்கூட வரும்: பழம் நழுவிப் பாலில் விழும், பதவி கையைவிட்டு நழுவும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேறு வகை. 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. 1926 முதல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. வினையின் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அதை மதியுங்கள். 5 என்றால் நழுவினான், நழுவுகிறான், நழுவுவான் என்று போகும். நீட்டு, கட்டு இரண்டும் இதே வகை. 11 என்றால் பிடித்தான், பிடிக்கிறான், பிடிப்பான். தமிழ் கற்கிறவருக்கு இந்த ஓர் எண்ணே பாதி இலக்கணம்.

பழைய இலக்கிய மேற்கோள்களுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. பேச்சு வழக்குத் தொடர்களுக்குத்தான் ஏமாற்றம்: பொருளைச் சொல்லிவிட்டு வாக்கியம் காட்டாமல் விட்டுவிடுகிறது. 'கம்பி நீட்டு' சுமக்கும் குறைகூறல் அங்கே தெரியாது. இணையத்தில் தேடும்போது 'நழுவினான்' என்று இட்டால் ஒன்றும் கிடைக்காது. 'நழுவு' என்று வினையடியை மட்டும் இட்டு, அதில் தொடங்கும் சொற்களைக் கேளுங்கள். தலைச்சொல் 'நழுவு-தல்' என்று கோடிட்டு இருப்பதால், முழுச்சொல்லாகப் பொருத்தச் சொன்னால் தவறிவிடக்கூடும்.

இன்றைய தமிழில் எழுதுகிறவரும் மொழிபெயர்க்கிறவரும் காசு கொடுத்து வாங்க வேண்டியது க்ரியா. 2008 பதிப்பு கையில் இருந்தாலும் இந்த வேலைக்குப் போதும். லெக்சிகனைக் கைபேசியிலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம். 5ஆ 11ஆ என்ற சந்தேகம் வரும்போது ஒரு நிமிட வேலை.