செத்தவர் பெயரில் வந்த வம்சாவளி

நாற்பது வருடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திர எழுத்தராக இருந்தவன் நான். ஒரே பெயரில் ஒரே ஊரில் நான்கு கோவிந்தசாமிகள் இருந்தால், நிலம் எந்தக் கோவிந்தசாமியுடையது என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. மருமகள் பென்சில்வேனியாக்காரி. "மாமா, எங்கள் ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டனார் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைதியாக இருந்தாராம். உங்களுக்குத்தான் பழைய காகிதம் படிக்க வருமே" என்றாள். ஒப்புக்கொண்டேன். மூன்று இடங்களில் தேடினேன்.

முதலாவது, மாதக் கட்டணம் வாங்கும் ஒரு வம்சாவளி இணையதளம். பெயர் வேண்டாம். 'ஸ்னைடர்' என்று தட்டிய அரை மணி நேரத்தில் ஆளைக் காட்டிவிட்டது: ஆண்டர்சன்வில் சிறை முகாம், ஆகஸ்ட் 1864இல் மரணம், கல்லறை எண் உட்பட. தொலைபேசியில் மருமகள் அழுதேவிட்டாள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவர்கள் வீட்டுப் பைபிளின் முன்பக்கத்தில் அவருடைய கடைசிப் பிள்ளை பிறந்தது 1868 என்று எழுதியிருக்கிறது. செத்தவர் கையெழுத்துப் போட்ட பத்திரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செத்து நான்கு வருடம் கழித்துப் பிள்ளை பெற்றவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

விசாரித்தால், யாரோ ஒரு உறுப்பினர் ஊகத்தில் போட்ட பதிவு அது. அதைப் பார்த்து இன்னும் பலர் தங்கள் வம்சத்தில் ஒட்டியிருக்கிறார்கள். தாய்ப்பத்திரம் பார்க்காமல் நகலுக்கு நகல் எடுத்த கதை. சந்தாவை நிறுத்தச் சொன்ன பிறகும் ஒரு மாதப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏன் செத்தவர் பெயரிலேயே எல்லோரும் போய் விழுகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். ஆண்டர்சன்வில் என்பது ஜார்ஜியா மாநிலத்தில் தென் தரப்பு, அதாவது அமெரிக்காவை விட்டுப் பிரிந்த தென் மாநிலங்கள், நடத்திய முகாம். விரிவுபடுத்திய பிறகும் சுமார் 26 ஏக்கர்தான். நம் பக்கத்தில் ஒரு பண்ணையாரின் நிலம் அவ்வளவு இருக்கும். 1864 ஆகஸ்டில் அதற்குள் 30 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 14 மாதங்களில் வந்த சுமார் 45 ஆயிரம் பேரில் ஏறக்குறைய 13 ஆயிரம் பேர் இறந்தார்கள். டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளம் கைதியைச் சாவுப் பதிவேடு எழுத உட்கார வைத்தார்கள். அவர் காவலர்களுக்குத் தெரியாமல் தனக்கென்று ஒரு நகல் எழுதி வைத்துக்கொண்டார். போர் முடிந்ததும் 1865 கோடையில் அந்த நகலோடு, போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்து பேர் பெற்ற கிளாரா பார்ட்டன் அம்மையாருடன் அங்கே திரும்பிப்போய்ப் பெரும்பாலான கல்லறைகளுக்குப் பெயர் வைக்க உதவினார். ஓர் எழுத்தர் செய்த வேலை! இறந்தவர்களுக்கு இப்படி ஒழுங்கான பட்டியல் வாய்த்துவிட்டது. பிழைத்தவர்களைத்தான் மெனக்கெட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இலவசத் தளம். இரு தரப்பிலுமாக 63 லட்சம் பெயர்கள் இருக்கின்றன. நம் ஆள் யார் என்று அது சொல்லாது. படைப்பிரிவு தெரிந்தால்தான் பயன். மருமகளின் அம்மா வீட்டுப் பெட்டியில், பழைய வீரர்கள் ஒன்றுகூடலில் குத்திக்கொள்ளும் பட்டுநாடா ஒன்று இருந்தது. அதில் '101' என்று அச்சிட்டிருந்தது. சர்வே எண் கிடைத்த மாதிரி ஆயிற்று. 101ஆவது பென்சில்வேனியா காலாட்படையில் ஸ்னைடர், ஷ்னைடர், ஸ்னிடர் என்று எல்லா எழுத்திலும் தேடி ஆளைப் பிடித்தேன். ஜெர்மன் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரே பத்திரத்தில் முனுசாமி, முனிசாமி இரண்டையும் எழுதியவன் நான்.

மூன்றாவதுதான் சரக்கு: வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்து நகல். ராணுவப் பணிப் பதிவுக்கு 30 டாலர், ஓய்வூதியக் கோப்புக்கு 80 டாலர் கட்டினோம். பணிப் பதிவில் போர்க்கைதி விவரத்துக்கென்றே தனியாக ஒரு அட்டை இருக்கிறது. பிளைமவுத், வட கரோலினா, 20 ஏப்ரல் 1864 அன்று பிடிபட்டார், ஆண்டர்சன்வில்லில் அடைக்கப்பட்டார், 1865 மார்ச் 1இல் விடுவிக்கப்பட்டார். மொத்தம் ஏழெட்டு வரி.

ஓய்வூதியக் கோப்பு பல மாதம் இழுத்தது, ஆனால் அதுதான் பொக்கிஷம். முகாமில் வந்த ஸ்கர்வி நோயால் (காய்கறி, பழம் கிடைக்காமல் ஈறு கெடுகிற நோய்) பல் ஆடிப்போனது என்று நிரூபிக்கக் கூட இருந்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார். ஒரு சாட்சிக்கு எழுதத் தெரியவில்லை. நம்மிடம் பெருவிரல் ரேகை வைப்போமே, அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதன் மேலும் கீழும் 'அவருடைய குறி' என்று எழுத்தர் பிரித்து எழுதியிருக்கிறார். அந்தக் குறியின் ஒரு கால் மட்டும் நீண்டு அடுத்த வரியில் இறங்கியிருக்கிறது. பேனா பிடித்துப் பழகாத கை. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தென் தரப்பு வீரரைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று: எல்மைரா, பாயிண்ட் லுக்அவுட் போன்ற வடக்கு முகாம்களின் கைதிப் பதிவுகள் இதே காப்பகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தவை மாநிலங்கள், ஆகவே அந்தக் கோப்பை மாநிலக் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

காப்பகத்துக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் காக்க வைத்ததற்காகக் குறைத்தேன். இலவசத் தளத்துக்கு நான்கு. கட்டணத் தளத்துக்கு ஒன்று. திருத்தச் சொல்லி மூன்று கடிதம் போட்டாயிற்று. அங்கே ஸ்னைடர் இன்றைக்கும் 1864 ஆகஸ்டில் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்.